ஊசி இல்லாத எலக்ட்ராலிசிஸ் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்

முகத்து முடியை மின்சாரம் விட்டு நிரந்தரமாக எடுக்கிற எலக்ட்ராலிசிஸுக்கு என்று கட்டி ஏமாந்தது 48,000 ரூபாய். நேற்று சாயங்காலம் அந்த மாடிப்படியில் இறங்கும்போது கை நடுக்கம் நிற்கவில்லை. இன்னும் கோபம் தணியாமல்தான் எழுதுகிறேன். முன்னும் பின்னுமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரைப் போடவில்லை. பெங்களூரில் மெட்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில், கீழே மருந்துக்கடை, மாடியில் பாதி பியூட்டி பார்லர் பாதி ஸ்கின் கிளினிக் என்று இருக்குமே, அந்த மாதிரி இடம்.

எனக்கு 44 வயது. பிசிஓஎஸ் என்கிற ஹார்மோன் கோளாறு இருப்பதால் கல்லூரிக் காலத்திலிருந்தே தாடையில் முடி. வாரம் தவறாமல் த்ரெட்டிங். வீட்டில் யாரும் எழுவதற்கு முன் ஜன்னல் ஓரம் கண்ணாடியோடு நிற்பது. அனுபவித்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. பல வருடம் முன்பு லேசர் செய்ததில் கறுப்பு முடி குறைந்தது. இப்போது முளைப்பதெல்லாம் வெள்ளை. லேசர் முடியில் இருக்கிற கருநிறத்தைப் பிடித்துத்தான் சூடேற்றும், வெள்ளை முடியில் பிடிக்க எதுவும் இல்லை என்று தோல் டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். எலக்ட்ராலிசிஸ்தான் வழி, ஒவ்வொரு முடியாக எடுக்க வேண்டும், ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம் என்றார். அதற்குத் தயாராகத்தான் நான் அந்த மாடிக்குப் போனேன்.

காத்திருக்கும்போது போனில் மகளிடம் பேசிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்து வந்த பெண், "அக்கா, தமிழா? நானும் தருமபுரிப் பக்கம்தான்" என்றாள். இங்கே பெங்களூர் அல்சூரில் பிறந்து வளர்ந்தவள் நான், கன்னடம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் உடம்பு சம்பந்தப்பட்ட வெட்கத்தைச் சொல்லத் தாய்மொழி கிடைத்தால் மனசு இளகிவிடுகிறது. என் தாடையை விரலால் நிமிர்த்தி, முகம் சுளிக்காமல் பார்த்தாள். "இதை வச்சுக்கிட்டா இத்தனை வருஷம் கஷ்டப்பட்டீங்க?" என்றாள். கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு நிமிடத்தில்தான் நான் விழுந்தேன்.

அன்றைக்கு ட்ரையல் என்று வேறொரு அம்மா செய்தார். குறை சொல்ல மாட்டேன், அது உண்மையான எலக்ட்ராலிசிஸ். புது ஊசிப் பொட்டலத்தை என் கண் முன்னால் பிரித்து, மயிர்க்காலுக்குள் ஊசியை இறக்கி, மின்சாரம் விட்டார். சுருக்கென்றது. அப்புறம் இடுக்கியால் தொட்டதும், பிடுங்குகிற வலியே இல்லாமல் முடி வழுக்கிக்கொண்டு வந்தது. வேர் வெந்திருந்தால் அப்படித்தான் வரும். கால் மணி நேரத்தில் இருபது முடி போல எடுத்திருப்பார்.

உடனே பணம் கட்டிவிட்டேன். 24 சிட்டிங், இன்றைக்கே கட்டினால் 60,000 பேக்கேஜ் 48,000-க்கு என்றாள் தருமபுரிப் பெண். மகளின் பி.யூ. (நம் ஊர் பிளஸ் டூ மாதிரி) கட்டணத்துக்கு என்று எடுத்து வைத்த சீட்டுப் பணம் அது. ஒரே யூபிஐ-யில் போய்விட்டது.

இரண்டாவது சிட்டிங்கில் ஊசி இல்லை, அந்த அம்மாவும் இல்லை. ஒயர் பூட்டிய ஒரு இடுக்கியைக் கொண்டுவந்தார்கள். "ஊசி பழைய மெத்தட் மேடம், இது புது டெக்னாலஜி, வலிக்காது." கவனியுங்கள், அக்கா அதற்குள் மேடம் ஆகிவிட்டாள். முடியைப் பிடித்துக்கொண்டு சில நொடி மின்சாரம் விட்டு, வெடுக்கென்று பிடுங்குகிறார்கள். ஒன்பது சிட்டிங் இப்படியே. பிடுங்கிய அத்தனை முடியும் திரும்ப வந்தது.

ராத்திரி உட்கார்ந்து படித்த பிறகுதான் புரிந்தது. முடியில் மின்சாரம் சரியாகப் பாயாது. வெளியே முடியைப் பிடித்துக்கொண்டு மின்சாரம் விட்டால் வேருக்கு ஒன்றும் ஆகாது. ஊசி மயிர்க்காலுக்குள் போனால்தான் அங்கே வேரை அரிக்கிற ரசாயனக் காரம் உண்டாகியோ சூட்டினாலோ வேர் சாகும். பழைய மெத்தடாம்! ஆமாம், பழையதுதான். 1875-லேயே அமெரிக்காவில் மிஷெல் என்ற கண் டாக்டர், கண்ணைக் குத்துகிற இமை முடியை எடுக்க இந்த ஊசி முறையைச் செய்திருக்கிறார். இன்றைக்கும் நிரந்தரமாக நீக்கும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையான எஃப்டிஏ சொல்வது இதைத்தான். லேசரைக்கூட 'நிரந்தரமாகக் குறைக்கும்' என்ற அளவில்தான் சொல்கிறார்கள். எனக்குக் கிடைத்தது 48,000 ரூபாய்க்கு ப்யூட்டி பார்லரில் முடி பிடுங்கல்.

கேட்கப் போனால், முதலில் "உங்களுக்கு ஹார்மோன் பிரச்சினை மேடம், நாங்க என்ன பண்றது" என்றார்கள். ஹார்மோனால் புது முடி வரும், சரி. பிடுங்கிய இடத்திலேயே மூன்று வாரத்தில் வருவதற்கு என்ன பதில்? அப்புறம் மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார். அப்புறம் மேனேஜர் ஊரில் இல்லை. ஊசி போட்ட அம்மா வேலையை விட்டுவிட்டாராம். தருமபுரிப் பெண்ணிடம் தமிழில் கேட்டேன், என் முகத்தைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் "பாலிசி மேடம்" என்றாள். 48,000 போனதைவிட அது வலித்தது. நேற்று கடைசியில் மேனேஜர் வந்து, ரீஃபண்ட் கிடையாது, வேண்டுமானால் மீதி சிட்டிங்கை ஃபேஷியலாக மாற்றித் தருகிறேன் என்றார்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், தலை வலிக்கிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஊசி உள்ளே போகிறதா, ஒவ்வொரு முறையும் புதுப் பொட்டலமா என்று பாருங்கள். பிடுங்குவது போல வலித்தால் நிறுத்தச் சொல்லுங்கள். மொத்தமாகப் பணம் கட்டாதீர்கள், சிட்டிங்குக்குச் சிட்டிங் கொடுங்கள். பில்லில் என்ன முறை என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் வெறுமனே 'ஃபேஷியல் ஹேர் பேக்கேஜ்' என்றுதான் இருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

நாளைக் காலை நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசப் போகிறேன். ஒன்பது சிட்டிங்கிலும் கையெழுத்து வாங்கினார்களே, அந்த அட்டையின் நகல் வேண்டும் என்று இன்று மத்தியானம் அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.