எம்.கியூ.ஆர். தேடல் பக்கம்: கல்லூரிக்குப் பணம் கட்டும் முன் ஒரு முறை திறந்து பாருங்கள்

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த கையோடு பேரங்காடிகளில் கல்விக் கண்காட்சி தொடங்கிவிடும். மேசைக்கு மேசை ‘எம்.கியூ.ஏ. அங்கீகாரம்’, அதாவது மலேசியத் தகுதி நிறுவனத்தின் அங்கீகாரம், என்று எழுதி வைத்திருப்பார்கள். அது உண்மைதானா என்று காசு செலவில்லாமல் பார்க்க உதவுவது மலேசியத் தகுதிப் பதிவேடு, அதாவது எம்.கியூ.ஆர். அக்காள் மகளைத் தாதியர் டிப்ளோமாவில் சேர்க்க அலைந்தபோது எனக்குப் பெரிதும் கைகொடுத்தது இதுதான்.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தனியார் கல்லூரி நடத்த 1996ஆம் ஆண்டின் தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டப்படி (555ஆம் சட்டம்) உயர்கல்வி அமைச்சின் அனுமதியும் பதிவும் வேண்டும். ஒவ்வொரு படிப்புக்கும் தனி ஒப்புதலும் வேண்டும். இது உரிமம். படிப்பின் தரத்தைப் பார்த்து அங்கீகரிப்பது எம்.கியூ.ஏ. வேலை. 2007 நவம்பரில் அது அமைவதற்கு முன் லான் என்ற தேசிய அங்கீகார வாரியம் அதைச் செய்தது. ஆகவே, ‘எங்கள் கல்லூரி அமைச்சில் பதிவு பெற்றது’ என்று சொன்னால், நீங்கள் சேரப்போகும் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று ஆகிவிடாது.

பக்கத்தில் கல்லூரிப் பெயரையோ படிப்பின் பெயரையோ தட்டினால் போதும். கல்லூரி முகவரி, தகுதி நிலை, கிரெடிட், படிப்புக் காலம், அங்கீகாரத் தேதி எல்லாம் வந்துவிடும். முகவரியை விட்டுவிடாதீர்கள். எங்களிடம் பேசிய ஒரு கல்லூரி காட்டிய அங்கீகாரம் அதன் வேறு ஊர் வளாகத்துக்கு உரியது. கைப்பேசியில் அதைக் காட்டிக் கேட்டதும், ‘இங்கேயும் சீக்கிரம் வந்துவிடும் அம்மா’ என்றார் அந்தக் கல்லூரியின் மேசையில் இருந்த பெண். அங்கேயே எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தது தற்காலிகமா, முழுமையா என்பது. படிப்பின் அங்கீகார எண்ணில் பி.ஏ. என்றிருந்தால் தற்காலிகம், எஃப்.ஏ. என்றால் முழு அங்கீகாரம். முதல் அணி மாணவர்கள் கடைசி ஆண்டுக்கு வந்த பிறகுதான் முழு அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்க முடியும். அதனால் புதுப் படிப்பு தற்காலிகத்தில் இருப்பது குற்றமில்லை. பல அணிகள் படித்து முடித்த பிறகும் அப்படியே இருந்தால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். பிள்ளை அரசாங்க வேலைக்குப் போக நினைத்தால் முழு அங்கீகாரம் மிக முக்கியம்.

குறையும் இருக்கிறது. தற்காலிக அங்கீகாரப் பட்டியல் தனியாக இருப்பதால், முதல் தேடலில் பெயர் வராவிட்டால் அங்கீகாரமே இல்லை என்று நினைக்கத் தோன்றும். மலாய், ஆங்கிலம் தவிர வேறு மொழி இல்லை. தோட்டப்புறத்தில் வளர்ந்த என் அக்காளைப் போன்ற பெற்றோர் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்கிறது. குறைந்தது ஒரு பக்க விளக்கமாவது தமிழில் போட்டால் எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும்.

தாதியர் படிப்புக்கு இதோடு நிறுத்திவிடாதீர்கள், மலேசியத் தாதியர் வாரியத்தின் ஒப்புதலையும் பாருங்கள். பொறியியல் என்றால் பொறியாளர் வாரியம், மருத்துவம் என்றால் மருத்துவ மன்றம். அப்புறம், சேர்க்கைக் கடிதத்தில் உள்ள படிப்பின் பெயரும் பதிவேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தைக் கட்டுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். தமிழ் விளக்கம் வந்தால் ஐந்தும் தருவேன்.