எங்கள் டவுன் கன்சர்வேஷன் போர்டு: பிளான் போடும் முன்பே இவர்களைக் கூப்பிடுங்கள்

நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் பள்ளத்தாக்கில் எங்கள் வீடு. மூன்று ஏக்கர் மனை, பாதிக்கு மேல் காடு. பின்பக்கம் தனியாக ஒரு கார் ஷெட், அதுவரை போக ஒரு டிரைவ்வே, இதுதான் திட்டம். இன்ஜினீயரிடம் பிளான் வரைந்து வாங்கி, போன வருடம் மார்ச்சில் டவுன் ஹாலில் கொடுத்தேன். கட்டட விண்ணப்பங்களை முடிவு செய்யும் பிளானிங் போர்டு பார்த்துவிட்டு, ஊரின் காடு, சதுப்பு போன்ற இடங்களுக்காக ஆலோசனை சொல்லும் கன்சர்வேஷன் போர்டின் அறிக்கை வரட்டும் என்று தள்ளி வைத்தது. இன்னொரு தடங்கல் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது ஷெட் கட்டி முடித்தாயிற்று. டவுன் ஹாலில் எனக்குக் கிடைத்த சேவைகளிலேயே உருப்படியானது எது என்று கேட்டால் இவர்களைத்தான் சொல்வேன்.

இப்படி ஒரு போர்டு இருப்பதே அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரியவில்லை. ஏழு பேர், எல்லாரும் ஊர்க்காரர்கள், சம்பளம் கிடையாது. ஓய்வுபெற்ற உயிரியல் டீச்சர் ஒருவர், ஆப்பிள் தோட்டக்காரர் ஒருவர், இப்படி. மாநிலத்தின் பொது நகராட்சிச் சட்டம் 239-எக்ஸ் பிரிவின்படி ஓர் ஊர் முதலில் ஆலோசனைக் குழு அமைக்கலாம். காடு, சதுப்பு, ஓடை என்று ஊரிலுள்ள திறந்தவெளிகளை அந்தக் குழு கணக்கெடுத்து வரைபடமாக்க வேண்டும். ஊரின் நிர்வாக மன்றமான டவுன் போர்டு அதை ஏற்றுக்கொண்டால் 239-ஒய் பிரிவில் குழுவைப் போர்டாக உயர்த்தலாம். அதற்குப் பிறகு அந்தப் பட்டியலில் இருக்கும் நிலத்தில் யார் எதைக் கட்ட விண்ணப்பித்தாலும் இவர்கள் பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும், 45 நாளுக்குள். அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ அதிகாரமில்லை, பரிந்துரை மட்டும்தான். ஆனால் அதே நிலத்தை வேறு எப்படிப் பயன்படுத்தலாம் என்று மாற்று வழி எழுதிக் கொடுக்கச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. எனக்குக் கை கொடுத்தது அதுதான்.

ஏப்ரல் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை மூன்று பேர் ரப்பர் பூட்ஸோடு வந்தார்கள். ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவும் கூடவே கிளம்பிவிட்டார். டிரைவ்வே வர வேண்டிய இடத்தை ஒட்டி ஒரு பள்ளம் உண்டு. நாற்பது அடி அகலம் இருக்கும். பனி உருகினால் தண்ணீர் நிற்கும், ஆகஸ்டில் சருகுதான் கிடக்கும். இன்ஜினீயர் அதைச் சர்வேயில் குறிக்கவே இல்லை, நானும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை. டீச்சரம்மா நேராக அங்கேதான் போனார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, மூழ்கிக் கிடந்த ஒரு சுள்ளியை மெதுவாகத் தூக்கிக் காட்டினார். அதில் கைமுட்டி அளவுக்கு ஒரு ஜெல்லி ஒட்டிக்கொண்டிருந்தது, நுங்கு மாதிரி கெட்டியாக. உள்ளே ஏகப்பட்ட கறும்புள்ளிகள், ஒவ்வொன்றும் தனித்தனிக் கண்ணாடிக் குமிழுக்குள்.

“மீன் முட்டையாடா?” என்று கேட்டார் அப்பா. நான் அந்த அம்மாவிடம் சொன்னேன். மீன் இல்லாததால்தான் இது இங்கே இருக்கிறது என்றார் அவர். வருடா வருடம் வற்றுவதால் இந்தக் குட்டையில் மீன் தங்காது, தங்கியிருந்தால் முட்டையைத் தின்று தீர்த்திருக்கும். அது புள்ளிச் சாலமாண்டரின் முட்டை. பல்லி வடிவம், ஆனால் செதில் கிடையாது. கறுத்த ஈர உடம்பில் மஞ்சள் பொட்டுகள். வருடம் முழுக்கக் காட்டு மண்ணுக்கடியில் இருந்துவிட்டு, குளிர் விட்டு முதல் மழை பெய்யும் ராத்திரிகளில் தான் பிறந்த குட்டைக்கே நடந்து வரும். இருபது வருடம்கூட உயிர் வாழும். எதிர்க்கரையில் பாய் விரித்த மாதிரி மிதந்தது காட்டுத் தவளை முட்டை. அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர், கிளம்பலாம் என்று நான் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் எழுந்தார்.

இந்த மாதிரிக் குட்டைகளை வெர்னல் பூல் என்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் இவை ரொம்ப காலமாகச் சிறிசு. 1975-ல் வந்த மாநில நன்னீர்ச் சதுப்புநிலச் சட்டம் பொதுவாக 12.4 ஏக்கருக்கு மேல் இருப்பதைத்தான் கணக்கில் எடுத்தது. 2023-ல் சாக்கெட் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு, ஆறு ஏரியோடு மேற்பரப்பில் தொடர்ந்து சேராத சதுப்புகள் மத்திய அரசின் பாதுகாப்பிலிருந்தும் விழுந்துவிட்டன. 2022-ல் திருத்திய மாநிலச் சட்டம் 2025 ஜனவரியிலிருந்து தவளை, சாலமாண்டர் நன்றாக முட்டையிடும் வெர்னல் பூல்களுக்கும் இடம் கொடுக்கிறது. இருந்தாலும் இந்தப் பள்ளத்தில் முட்டை இருக்கிறது என்று யாராவது ஏப்ரலில் நேரில் வந்து பார்த்தால்தானே தெரியும்? அந்த வேலையை இவர்கள் சனிக்கிழமையை விட்டுக்கொடுத்துச் செய்கிறார்கள்.

அறிக்கை இரண்டே பக்கம். கட்டாதே என்று ஒரு வரி இல்லை. குட்டையைச் சுற்றி 100 அடியைத் தொட வேண்டாம், டிரைவ்வேயைப் பழைய கல் சுவரை ஒட்டித் திருப்பினால் போதும், மரமும் குறைவாக வெட்டலாம் என்று படமே போட்டிருந்தார்கள். ஓரத்தில் செங்குத்தான கெர்ப் கல் பதிக்க வேண்டாம், சாலமாண்டர் ஏற முடியாமல் அதை ஒட்டியே நடந்து மாட்டிக்கொள்ளும். லாரிச் சக்கரத் தடத்தை அன்றன்றைக்கே நிரவிவிடுங்கள், அதில் நிற்கும் தண்ணீரைக் குட்டை என்று நம்பி முட்டையிட்டால் சீக்கிரமே காய்ந்துவிடும். மண் அரிப்புக்குக் கட்டும் துணிவேலியை வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். இதெல்லாம் செலவே இல்லாதவை, எந்த கான்ட்ராக்டரும் எனக்குச் சொன்னதில்லை.

எனக்கு ஆன செலவு, பிளானைத் திருப்பி வரைந்ததற்கு 1,800 டாலர். இந்த போர்டை முதலிலேயே அழைத்திருந்தால் அதுவும் மிச்சம். விண்ணப்பம் கொடுக்காமலே கூட்டத்துக்குப் போய், இடத்தைப் பார்க்க வருகிறீர்களா என்று கேட்கலாம். எங்கள் ஊரில் வருகிறார்கள், கட்டணமில்லை.

குறைகளும் சொல்ல வேண்டும். மாதம் ஒரே கூட்டம். மே மாதம் போதிய உறுப்பினர்கள் வராததால் கூட்டமே நடக்கவில்லை, அதனால் என் அறிக்கை கடைசி நாளில்தான் போய்ச் சேர்ந்தது. கூட்டக் குறிப்புகள் இணையத்தில் ஏற இரண்டு மாதம் ஆகிறது. என்னோடு காத்திருந்த ஒரு பெரிய விண்ணப்பத்துக்கு இவர்கள் எழுதிய நல்ல அறிக்கையைப் பிளானிங் போர்டு வாசித்துவிட்டு அப்படியே ஓரம் வைத்தது. ஏன் ஏற்கவில்லை என்று ஒரு காரணமாவது எழுத்தில் சொல்ல வைத்தால் இவர்கள் உழைப்புக்கு மரியாதை இருக்கும். அதை நான் டவுன் போர்டுக்குக் கடிதமாகவும் எழுதியிருக்கிறேன்.

போகிறவர்கள் சர்வே படத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். இடம் பார்க்க மார்ச் கடைசி முதல் ஏப்ரல் வரை நாள் கேளுங்கள், செப்டம்பரில் வந்தால் அவர்களாலும் வெறும் சருகுப் பள்ளத்தைத்தான் பார்க்க முடியும்.