சிரியஸில் விதி எழுதுவது: எங்கே தடுப்பது, எங்கே சொல்லிவிட்டு விடுவது

தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டி, பம்ப், வால்வு, குழாய் இணைப்புகளை அந்த வேலை தெரிந்த பொறியாளர்களே வரைய ஒரு வரைபட மொழி வேண்டியிருந்தது. எக்லிப்ஸ் சிரியஸில் செய்தேன். இப்படிப்பட்ட வரைபட மொழிகளைச் செய்ய உதவும் கருவி இது; தேல்ஸ், ஒபியோ என்ற நிறுவனங்கள் சேர்ந்து வளர்த்து, 2013-ல் திறந்த மூலமாக வெளிவந்தது. பெட்டி, கோடு, நிறம் எல்லாம் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. எதையெல்லாம் வரையக் கூடாது என்று சொல்வதற்குத்தான் மாதக்கணக்கானது.

எளிய விதிகள் மெட்டாமாடலிலேயே, அதாவது மொழியில் என்னென்ன பொருள்கள், இணைப்புகள் உண்டு என்ற வரையறையிலேயே, முடிந்துவிடும். பம்புக்கு ஒரே வெளிவழி என்றால் மேல் எல்லையை 1 என்று வைத்தால் போதும். மற்றவற்றுக்கு சிரியஸில் இரண்டு இடங்கள் உண்டு. கோடு வரையும் டூலில் முன்நிபந்தனை எழுதினால், தவறான பெட்டிக்குக் கோடு போகவே போகாது. வேலிடேஷன் (சரிபார்ப்பு) விதி எழுதினால், வரைய விட்டுவிட்டு, சரிபார்க்கும்போது குறையுள்ள பெட்டியில் குறி போடும். திருத்தும் வழியையும் அதோடு சேர்த்து எழுதி வைக்கலாம்.

நான் முதலில் எல்லாவற்றையும் முன்நிபந்தனையாக எழுதிவிட்டேன். பம்பிலிருந்து கோடு நேராக, தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வுக்குத்தான் போக வேண்டும் என்பதும் அதில் ஒன்று. ஆனால் பொறியாளர்கள் பம்பையும் தொட்டியையும் முதலில் இணைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் நடுவில் வால்வைச் செருகுவார்கள். ஒருவர் காகிதத்தில் வரைந்து முடித்துவிட்டு, அதைப் பார்த்துக் கருவியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அன்றே அந்த விதியை நீக்கினேன்.

இதே வகைக் கருவியான மைக்ரோசாஃப்டின் டிஎஸ்எல் டூல்ஸ் வைத்திருக்கும் பிரிவினைதான் எனக்குத் தெளிவைத் தந்தது. அதில் கடின விதியை எந்த நேரத்திலும் மீற முடியாது. மென் விதியைத் திறக்கும்போதோ சேமிக்கும்போதோ கேட்கும்போதோ சரிபார்த்தால் போதும். ஒரு தொட்டியிலிருந்து அதே தொட்டிக்கு வெறும் குழாய் என்பது எப்போதுமே தவறு, அதனால் தடுக்கலாம். வால்வு இல்லாத பம்ப், வேலை இன்னும் முடியவில்லை என்பதன் அடையாளம், அவ்வளவுதான்.

சிரியஸை எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்: முன்நிபந்தனை அந்த ஒரு டூலுக்கு மட்டும்தான். கோட்டின் முனையை இழுத்து வேறு பெட்டியில் மாட்டுவது தனி டூல்; அங்கே எழுதவில்லை என்றால் விதி இல்லை. நான் விதியை ஜாவா சர்வீஸாக (சிரியஸிலிருந்து கூப்பிடக்கூடிய ஜாவா நிரலாக) ஒரே இடத்தில் எழுதி, இரண்டு டூல்களும் வேலிடேஷனும் அதையே கூப்பிடும்படி மாற்றினேன். இன்னொன்று, 'எல்லா வெளிக்குழாயும் வால்வுக்குப் போகிறதா' என்று, ஒவ்வொன்றையும் சோதிக்கும் ஃபார்ஆல் கட்டளை வைத்துக் கேட்டால், குழாயே இல்லாத பம்புக்கும் 'ஆம்' என்றுதான் பதில் வரும். காலியாக இல்லை என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

விதிகள் பெருகியபோது எப்சிலன் கருவித்தொகுப்பில் உள்ள இவிஎல் என்ற சரிபார்ப்பு மொழிக்கு மாறினேன், மிகவும் பிடித்துவிட்டது. பிழையையும் எச்சரிக்கையையும் தனித்தனிச் சொல்லால் எழுதலாம். ஒரு விதி நிறைவேறினால் மட்டும் அடுத்ததைப் பார் என்றும் சொல்லலாம். பெயரே இல்லாத பம்பிடம் 'பெயர் இரட்டிக்கிறது' என்ற செய்தி வராது. நிரல் எழுத விருப்பமில்லாதவர்களுக்கு மெட்டாஎடிட்+ என்ற வரைபட மொழிக் கருவி நல்லது. ஒரு பெட்டியில் எத்தனை இணைப்பு வரலாம், எந்தப் பெயர் தனித்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் படிவத்தில் தேர்ந்தெடுத்தால் போதும்.

செய்தி வாசகத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். 'விதி மீறப்பட்டது' என்றிருந்ததை 'பம்ப் 3-க்குப் பின் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லை' என்று மாற்றிய பிறகு, என்ன தவறு என்று கேட்டு யாரும் என் மேசைக்கு வரவில்லை.