இன்டர்கூலர் ஹோஸுக்கு சிலிகோன் போட்டு மூன்று வருஷம் ஓட்டிய பிறகு

என் வண்டியில் இருப்பது 1,248 சிசி மல்ட்டிஜெட் டீசல் இன்ஜின். ஃபியட், டாட்டா, மாருதி என்று பல கம்பெனிகளின் கார்களில் ஓடிய அதே 1.3 இன்ஜின்தான். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்ததும் நம் நாட்டுப் புது வண்டிகளில் இருந்து போய்விட்டது. அதாவது இன்று ரோட்டில் ஓடுகிற இந்த இன்ஜின் வண்டி எதை எடுத்தாலும் அதன் ரப்பர் சாமான்களுக்கு வயசாகிவிட்டது. என் வண்டியிலும் அதுதான் நடந்தது. டர்போ அழுத்தி அனுப்புகிற சூடான காற்றைக் குளிர வைப்பது இன்டர்கூலர். அதில் இருந்து இன்ஜினுக்குக் காற்று கொண்டுபோகிற ஹோஸ் வெடிப்பு விட்டிருந்தது. அதை எடுத்துவிட்டு வெளி மார்க்கெட் சிலிகோன் ஹோஸ் போட்டேன். மூன்று மழைக்காலம் தாண்டியாகிவிட்டது, இப்போது எழுதினால்தான் யாருக்காவது பயன்படும்.

முதலில் அறிகுறி, ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள். நான் இருப்பது நாமக்கல். சேலம் போகிற ஹைவேயில் வண்டி சாதாரணமாகத்தான் ஓடியது, எண்பதில் போகிறவனுக்கு எதுவும் தெரியாது. கொல்லிமலை ஏறும்போதுதான் குட்டு உடைந்தது. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் வண்டி கிட்டத்தட்ட நின்று திரும்பிக் கிளம்பணும், அந்த இடத்தில் டர்போ காற்று முழுசாக வரவில்லை என்றால் இரண்டாவது கியரில் ஏறிய வளைவெல்லாம் முதல் கியர் கேட்கும். பின்னால் கரும்புகை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பக்கத்தில் இருந்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல், காலை எடுத்தால் நின்றுவிடும். செக் இன்ஜின் விளக்கு எரியவே இல்லை. சில வண்டிகளில் ஸ்கேனர் போட்டால் பி0299 என்று டர்போ அழுத்தம் குறைவதற்கான கோடு வரும், வராமலும் இருக்கும், அதை மட்டும் நம்பி உட்காரக் கூடாது.

கரும்புகை என்றதும் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டரைக் கழற்றலாம், புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆரைச் சுத்தம் பண்ணலாம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஆனால் புகைக்குக் காரணம் இங்கே ரொம்ப நேரடியானது. ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கிற சென்சார், உள்ளே போகும் காற்றை அளந்து இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியுவுக்குச் சொல்கிறது. அளந்த காற்றில் ஒரு பங்கு டர்போவைத் தாண்டிய பிறகு வெடிப்பு வழியாக வெளியே போய்விடுகிறது. இசியுவுக்கு அது தெரியாது, முழுக் காற்றும் வந்திருக்கிறது என்று நினைத்து அதற்குத் தக்க டீசலை விடுகிறது. காற்று கம்மி, டீசல் அதிகம், பிறகு புகை வராமல் என்ன செய்யும்? குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போவும் கூடுதலாகச் சுற்ற வேண்டி வரும், அதனால் 'பிக்கப்தானே கொஞ்சம் குறைவு' என்று மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள்.

வெடிப்பைக் கண்டுபிடிக்கிறதும் லேசு இல்லை. இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது ஹோஸில் அழுத்தமே இருக்காது, வெடிப்பு மூடிக்கொண்டிருக்கும். கிளிப்புக்கு அடியிலும் வளைவின் உள்பக்கமும்தான் பார்க்கணும். அந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி ஒட்டி ஈரமாக இருந்தால் முக்கால்வாசி அதுதான். சந்தேகம் இருந்தால் குழாயின் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் அளவாகக் காற்று கொடுத்து, சோப்பு நுரை தடவச் சொல்லுங்கள். பஞ்சர் பார்க்கிற அதே முறைதான்.

சரி, என்ன வாங்குவது? கம்பெனி பார்ட் நல்லது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, ஆனால் அன்றைக்கு ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டிய நிலை, விலையும் சிலிகோனைப் போல இரண்டு மடங்குக்கு மேல். லோக்கல் ரப்பர் ஹோஸ் மலிவு. கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தேன், சுவர் மெலிசு, உள்ளே துணி இழை இருக்கிறதா என்றே சந்தேகமாக இருந்தது, வைத்துவிட்டேன். பழைய சாமான் கடையில் கழற்றி எடுத்த ஹோஸ் கிடைக்கும் என்று சிலர் சொன்னார்கள். கதவு, கண்ணாடி, ஆல்டர்னேட்டர் என்றால் சரி, ரப்பரைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமே இல்லை, அதுவும் இதே வயசு வண்டியில் இருந்துதான் வந்திருக்கும்.

நாமக்கல்லில் லாரிக்காரர்களுக்கு சிலிகோன் ஹோஸ் புதுசு இல்லை, அதனால் கடையில் விஷயம் தெரிந்து பேசுகிறார்கள். அங்கே தெரிந்துகொண்ட முக்கியமான சங்கதி இது: வெறும் சிலிகோனுக்கு எண்ணெய் ஆகாது. இன்ஜினில் இருந்து வருகிற எண்ணெய் ஆவி டர்போ வழியாக இன்டர்கூலர் வரைக்கும் போகும், எல்லா டர்போ டீசலிலும் கொஞ்சம் இருக்கும். லைனிங் இல்லாத சிலிகோன் அதைக் குடித்துக் குடித்து மெத்தென்று ஆகி, வெளிப்பக்கம் வியர்க்க ஆரம்பிக்கும். உள்பக்கம் எண்ணெய் தாங்குகிற ஃப்ளூரோசிலிகோன் லைனிங் இருக்கிற ஹோஸாகத்தான் வாங்கணும். பெரும்பாலும் உள்ளே வேறு நிறத்தில் இருக்கும், ஆனால் நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாமல் பெட்டியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நான் வாங்கியது நாலு அடுக்கு பாலியஸ்டர் இழை, சுவர் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் கனம், உள்ளே லைனிங்.

அடுத்தது கிளிப். ஹோஸ் வாங்குகிற எல்லாரும் இதை மறந்துவிடுகிறார்கள். பட்டையில் நீள நீளமாகத் துளை இருக்கிற சாதாரண ஸ்குரு கிளிப்பை முறுக்கினால் சிலிகோன் அந்தத் துளை வழியாகப் பிதுங்கும், நாளடைவில் வெட்டுப்படும். துளை இல்லாத பட்டையோடு வருகிற டி-போல்ட் கிளாம்ப் போட்டேன், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. மாட்டும்போது குழாயின் விளிம்பில் இருக்கிற மேட்டைத் தாண்டி உள்பக்கம் கிளாம்ப் உட்காரணும், அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு, இன்ஜின் ஆறியிருக்கும்போது, ஒரு தடவை இறுக்கம் பார்த்துக்கொண்டால் போதும்.

இதைவிடப் பெரிய விஷயத்தை மெக்கானிக் அண்ணன் சொன்னார். "ஹோஸை மாத்தறதுக்கு முன்னாடி மவுன்ட்டைப் பாருங்க தம்பி" என்று இன்ஜினை ஒரு தூக்குத் தூக்கிக் காட்டினார். இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கிற மவுன்ட் ரப்பர் உட்கார்ந்து போயிருந்தது. ஒவ்வொரு தடவை கிளட்ச் விடும்போதும் இன்ஜின் ஆடும், இன்டர்கூலர் ஆடாது, நடுவில் இழுபடுவது ஹோஸ்தான். கம்பெனி ஹோஸில் இந்த ஆட்டத்தைத் தாங்குவதற்காகவே நடுவில் மடிப்பு மடிப்பாக வைத்திருக்கிறார்கள். வெளி மார்க்கெட்டில் வருகிற சிலிகோனில் பலதுக்கு அந்த மடிப்பு இல்லை, வழுவழுவென்று இருக்கும். பார்வைக்கு அழகு, ஆனால் ஆட்டம் முழுவதும் இன்டர்கூலரின் பிளாஸ்டிக் மூக்கில் போய் விழும், அது உடைந்தால் இன்டர்கூலரையே மாற்றணும். அதனால் மவுன்ட்டையும் சேர்த்து மாற்றினேன். செலவு கூடியது, மனசு நிம்மதியாக இருக்கிறது.

மூன்று வருஷத்துக்குப் பிறகு ஹோஸ் எப்படி இருக்கிறது? வெடிப்பு இல்லை, ஊதல் இல்லை, வெளியே வியர்வையும் இல்லை. போன சர்வீஸில் கழற்றி விரலை விட்டுப் பார்த்தேன், லைனிங் உரியவில்லை. வெளிநிறம் மட்டும் மங்கிவிட்டது. இழுவை பழையபடி 2,000 ஆர்பிஎம்மைத் தொட்டதும் வருகிறது, கொல்லிமலையில் இரண்டாவது கியர் போதும், மைலேஜ் முன்பு இருந்த இடத்துக்கு வந்துவிட்டது. கூடுதல் பவர் வரும், ரெஸ்பான்ஸ் கூடும் என்று விற்கிறவர்கள் சொல்வதை நம்ப வேண்டாம், இந்த இன்ஜினின் அழுத்தத்துக்கு நல்ல ரப்பரும் நல்ல சிலிகோனும் ஓட்டும்போது எனக்கு ஒன்றாகத்தான் தெரிகின்றன. எலி கடித்தால் இரண்டும் போகும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வண்டியை இன்னும் நாலைந்து வருஷம் வைத்திருப்பீர்கள், லைனிங் உள்ள ஹோஸ் கிடைக்கிறது, மவுன்ட் நன்றாக இருக்கிறது என்றால் தாராளமாகப் போடலாம். லைனிங் பற்றிக் கடைக்காரரால் பதில் சொல்ல முடியவில்லை என்றால் காத்திருந்து கம்பெனி பார்ட்டே வாங்குங்கள்.

டர்போவில் இருந்து இன்டர்கூலருக்குப் போகிற சூடான பக்கத்து ஹோஸ் எனக்கு இன்னும் பழையதுதான். நம் வெயிலில் மலை ஏறும்போது அங்கே காற்று நூறு டிகிரியைத் தாண்டிவிடும், அதற்கு பாலியஸ்டர் இழை வேண்டாம், அதிக சூடு தாங்குகிற அராமிட் இழை வைத்ததாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அளவும் வளைவும் சரியாகப் பொருந்துகிற ஒன்று இந்தப் பக்கம் இன்னும் கண்ணில் படவில்லை. இதே இன்ஜினில் யாராவது போட்டிருந்தால் எத்தனை வருஷம் தாங்கியது என்று சொல்லுங்கள்.