சீட்டா, நுண்கடனா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இடியப்பம் அவித்து விற்கும் அக்காவுக்கு இன்னொரு அடுப்பு வேண்டும். கையில் காசில்லை.

நுண்கடன், அதாவது சிறுதொழிலுக்குத் தரும் சின்னக் கடன், எடுக்கலாம். 2006இல் முகமது யூனுஸுக்கும் வங்கதேசத்தின் கிராமீன் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு வாங்கித்தந்த வழி அது. காணி உறுதி கேட்கமாட்டார்கள், சேர்ந்து கடன் எடுக்கும் குழுவின் நம்பிக்கை போதும். காசும் சீக்கிரம் வரும். ஆனால் கிழமைக்குக் கிழமை தவணை. மழையில் இடியப்பம் அப்படியே மிஞ்சிய நாளிலும் தவணைக்காரர் வாசலில் நிற்பார், வட்டியோடு.

சீட்டில் வட்டி இல்லை. பத்துப் பேர், மாதம் 5,000. குலுக்கலில் பெயர் விழுந்தால் 50,000. பத்தாம் மாதம் விழுந்தால்? அடுப்பும் பத்தாம் மாதம்தான். (சீட்டுப் பிடிப்பவர் தலைமறைவானால் அதுவும் இல்லை. எங்கள் ஒழுங்கையில் நடந்தது.)

எனக்குச் சீட்டுதான் சரி. ஏதாவது கடை தினமும் இடியப்பம் எடுப்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும் கடன்.