முட்டை ஸ்லைசர் வாங்கறவங்க தயவுசெஞ்சு கம்பிய செக் பண்ணுங்க

லஞ்ச் பாக்ஸுக்கு தினமும் முட்டை அவிச்சு வைக்கிறவங்க இத முழுசா படிங்க. போன மாசம் ஆன்லைன்ல ஒரு முட்டை ஸ்லைசர் (அவிச்ச முட்டைய கம்பியால வட்ட வட்டமா அறுக்கிற சாமான்) வாங்கினேன், 249 ரூபா, 'ஃபுல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்'னு போட்டோ மேலயே கொட்டை எழுத்துல போட்டிருந்தாங்க. வந்தது என்னன்னா பிளாஸ்டிக் ஃப்ரேம், அதுக்கு மேல வெள்ளி கலர் பெயின்ட். சரி கம்பியாவது நல்லா இருக்கும்னு வச்சுக்கிட்டேன்.

ரெண்டே வாரம், கம்பி முனையில பழுப்பா துரு. ஒவ்வொரு தடவையும் கழுவி துடைச்சுதான் வைப்பேன், அப்படியும் துரு. செவ்வாய்க்கிழமை காலைல சின்னவன் சாப்டுட்டு இருந்தவன் "அம்மா, நாக்குல குத்துது"னு துப்பிட்டான். பார்த்தா ஒண்ணுமே தெரியல, மஞ்சக்கருவ விரலால நசுக்கி பார்த்தப்பதான் தட்டுப்பட்டுச்சு, அரை இஞ்ச் கூட இருக்காது, கம்பித் துண்டு. அவன் முழுங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா இப்பவும் கை நடுங்குது.

ஓடிப்போய் ஸ்லைசர எடுத்து பார்த்தேன். தனித்தனி கம்பியே கிடையாது, ஒரே கம்பிய இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைச்சு வளைச்சு கோர்த்திருக்காங்க, அதனால ஒரு வளைவுல அறுந்ததும் பக்கத்துல இருக்கறதும் தொளதொளன்னு ஆயிடுச்சு. நல்ல ஸ்லைசர்ல கம்பிய விரலால சுண்டினா எல்லாம் ஒரே மாதிரி 'டிங்'னு விறைப்பா நிக்கணும். ஒண்ணு தொய்வா இருந்தாலும், துரு தெரிஞ்சாலும் அத தொடாதீங்க.

விக்கிறவங்ககிட்ட சாட்ல போட்டா, முதல்ல ரிட்டர்ன் 7 நாளோட முடிஞ்சுதுன்னாங்க, அப்புறம் முட்டைய சூடா வெட்டியிருப்பீங்க அதான் அறுந்துச்சுங்கறாங்க. அவிச்ச முட்டைய வெட்டத்தானே இத விக்கிறீங்க? டப்பாவ திருப்பித் திருப்பி பார்த்துட்டேன், தயாரிச்சவங்க பேரும் இல்ல, அட்ரஸும் இல்ல, எம்ஆர்பியும் இல்ல. இதெல்லாம் பாக்கெட்ல கட்டாயம் போடணும்னு சட்டமே இருக்கு, இது இல்லாத சாமான வீட்டுக்குள்ளயே விடாதீங்க.

1915க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் குடுத்துட்டேன், அது நுகர்வோர் ஹெல்ப்லைன். ஆன்லைன் கடைக்கும் தனியா எழுதி அனுப்பியிருக்கேன், 2020ல வந்த இ-காமர்ஸ் ரூல்ஸ்படி 48 மணி நேரத்துல புகார் கிடைச்சுதுன்னு சொல்லணும், ஒரு மாசத்துல தீர்த்து வைக்கணும். பணம் பெருசில்ல, அந்த லிஸ்டிங்க எடுக்கணும், இன்னும் எத்தன வீட்டுல அதே ஸ்லைசர் இருக்கோ.

இப்போ எங்க பாட்டி பண்ற மாதிரி சுத்தமான தையல் நூல்லதான் அறுக்கிறேன், முட்டைய சுத்தி போட்டு ரெண்டு முனையையும் குறுக்க இழுத்தா மஞ்சக்கரு உதிராம வட்டமா வருது. அந்தக் கம்பித் துண்ட வெள்ளைப் பேப்பர்ல செலோடேப் போட்டு ஒட்டி, பில்லோட சேர்த்து பத்திரமா வச்சிருக்கேன், தூக்கிப் போட மாட்டேன்.