புதுப்பிக்கப்பட்ட பூங்காவும் கண்மாய்க்கரையும்: இரண்டு கோடை கடந்தபின் ஒரு மதிப்புரை

மதுரையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் ஒரு சிறுவர் பூங்காவும், அதன் பின்சுவரை ஒட்டி ஒரு கண்மாயும் இருக்கின்றன. இரண்டும் ஒரே திட்டத்தின்கீழ் சீரமைக்கப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே நாளில் திறக்கப்பட்டன. திறந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் பாராட்டை மட்டுமே எழுதியிருப்பேன். ஆனால் பூங்காவையும் நீர்நிலையையும் புதுப் பெயின்டின் வாசம் போவதற்கு முன் மதிப்பிடுவது முறையாகாது. இரண்டு அக்னி நட்சத்திரமும் இரண்டு ஐப்பசி மழையும் அவற்றின்மேல் கடந்து போகட்டும் என்று காத்திருந்தேன். அநேகமாகத் தினமும் காலையில் அங்கே நடப்பவன் என்ற உரிமையில் இப்போது எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சீரமைப்புக்கு முன் அந்தப் பூங்காவின் வாசலில் குப்பை மேடு இருந்தது. மாலை ஆறு மணிக்குமேல் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. இன்று குப்பை இல்லை, விளக்குகள் எரிகின்றன, நடைபாதையில் குண்டும் குழியும் இல்லை. முழங்கால் வலியுள்ள என் அம்மா முன்பெல்லாம் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். இப்போது வாசலில் படிக்கட்டுக்குப் பதிலாகச் சாய்தளம் வைத்திருப்பதால், கைத்தடியை ஊன்றிக்கொண்டு தானாகவே உள்ளே போய் இரண்டு சுற்று வந்துவிடுகிறார். சாய்தளம் கட்டுவதற்குப் பெரிய செலவு ஆகியிருக்காது. என்றாலும் எங்கள் தெருவில் குறைந்தது பத்து முதியவர்களை அது வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. காலையும் மாலையும் நேரத்துக்குத் திறக்கிறார்கள். கழிப்பறை மட்டும் பாதி நாட்கள் பூட்டியே கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

குறை தரையில்தான் இருக்கிறது. பழைய பூங்காவில் மண்தரையும், ஊஞ்சலுக்கும் சறுக்குமரத்துக்கும் அடியில் ஆற்று மணலும் இருந்தன. புதுப்பித்தபோது சுவரிலிருந்து சுவர்வரை பேவர் பிளாக் கல்லைப் பதித்துவிட்டார்கள். பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் மதுரை வெயிலில் அந்தக் கல் காலை பத்து மணிக்கே கொதிக்கத் தொடங்கி, மாலை ஐந்து மணிவரை ஆறுவதில்லை. சித்திரை மாதத்தில் நான்கு மணிக்கு வரும் குழந்தைகள் இரும்புச் சறுக்குமரத்தைத் தொட்டுவிட்டுக் கையை உதறுவதை நானே பார்த்திருக்கிறேன். முன்பு குழந்தைகள் மணலில் வீடு கட்டி விளையாடிய அதே நேரத்தில், இப்போது பூங்கா காலியாகக் கிடக்கிறது.

இதைவிட வருத்தமானது வேப்பமரங்களின் கதை. பூங்காவில் நான்கு பெரிய வேம்புகள் இருந்தன. அந்த இடத்தின் நிழல் முழுவதும் அவை தந்ததுதான். கல் பதித்தவர்கள் மரத்தின் தூரை ஒட்டி, ஒரு விரல்கூட இடைவெளி விடாமல், சிமென்ட் பூசி முடித்திருந்தார்கள். மரத்தின் வேருக்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். மேல்மண்ணை இறுக்கி மூடிவிட்டால் மழைநீர் இறங்காமல் சாக்கடைக்கு ஓடிவிடும், உறிஞ்சுவேர்கள் மெல்ல மெல்ல அழுகவோ காயவோ தொடங்கும். முதல் கோடையில் ஒரு மரத்தின் உச்சிக்கிளை மட்டும் காய்ந்தது. இரண்டாவது கோடையில் பங்குனி பிறந்து மற்ற மூன்று வேம்புகளும் செந்தளிர் விட்டபோது, அந்த மரம் மொட்டையாகவே நின்றது. பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே பச்சை இல்லை. பூங்காவில் வேலை செய்யும் தோட்டக்காரர் என்னிடம் வந்து, “வேருக்கு மூச்சு முட்டுதுய்யா, கல்லைப் பேத்து எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் குடுங்க” என்றார். எழுதினேன், நடைக்கு வருபவர்கள் நாற்பது பேர் கையெழுத்திட்டார்கள். அதன் பலனைக் கடைசியில் சொல்கிறேன்.

காய்ந்த மரத்துக்குப் பதிலாக நட்டவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரோரம் வரிசையாகக் கோனோகார்ப்பஸ் கன்றுகளை வைத்திருக்கிறார்கள். சீக்கிரம் வளரும், ஆடு மாடு கடிக்காது, எப்போதும் பச்சையாக இருக்கும் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கடம்பவனம் என்று பெயர் பெற்ற ஊர் இது. மீனாட்சியம்மன் கோயிலின் தலமரம் கடம்பு. புங்கை, நாவல், இலுப்பை, மருது, அத்தி என்று நம் மண்ணிலேயே வளர்ந்து, நம் கிளிக்கும் குயிலுக்கும் வௌவாலுக்கும் இரை கொடுக்கும் மரங்கள் எத்தனையோ இருக்க, எந்தப் பறவையும் நாடாத வெளிநாட்டுச் செடியை வேலியாக வளர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு புங்கைக்கு முதல் மூன்று கோடை மட்டும் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். பிறகு அது தானே பார்த்துக்கொள்ளும்.

பூங்காவின் பின்வாசல் வழியாகக் கண்மாய்க்கரைக்கு ஏறலாம். சீரமைப்புக்கு முன் உள்வாய், அதாவது நீர் தேங்கும் பகுதி, முழுவதும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் தென்மாவட்டங்களில் இம்மரத்தை அகற்ற உத்தரவிட்டபோதுகூட இங்கே அரைகுறையாக வெட்டியதில், அடிக்கட்டையிலிருந்து முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்த்துவிட்டது. இந்த முறை வேரோடு பிடுங்கினார்கள். அது இந்தத் திட்டத்தின் உருப்படியான வேலை. தூர்வாரி எடுத்த கரம்பை மண்ணின் ஒரு பகுதியைக் கண்மாயின் நடுவிலேயே திட்டாகக் குவித்து, அதில் நாட்டுக் கருவேலம் நட்டதும் மிக நல்ல யோசனை. சென்ற கார்த்திகையில் கண்மாய் பாதி நிறைந்திருந்தபோது அந்தத் திட்டில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. அரிவாள் மூக்கன்களும் சிறுவெண்கொக்குகளும் அந்தியில் கூட்டமாக வந்து அடைந்தன. கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்த குழந்தைகள் ஒரு மணி நேரம் கைபேசியைக் கேட்கவில்லை.

ஆனால் கண்மாய் என்பது கரைக்குள் அடங்கிய பள்ளம் மட்டும் அன்று. மழைநீரைக் கொண்டுவரும் வரத்துக்கால்வாய், வயலுக்கு நீர் விடும் மடை, நிறைந்தபின் மிச்சத்தை வெளியேற்றும் கலிங்கு, அந்த மிச்சம் அடுத்த கண்மாய்க்குப் போகும் மறுகால் என்று எல்லாம் சேர்ந்ததுதான் கண்மாய். ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாயின் வரத்து. இப்படிச் சங்கிலியாகக் கோத்து வைத்ததால்தான், ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழையும் அதில் பெரும் பங்கு ஐப்பசி, கார்த்திகையிலும் பெய்யும் இந்தப் பூமியில் நெல் விளைந்தது. தல்லாகுளம், உலகனேரி என்று நகரத்துப் பகுதிகள் இன்னும் நீரின் பெயரைச் சுமப்பது அந்தச் சங்கிலியின் மிச்சம். எங்கள் கண்மாயில் கரையை உயர்த்தினார்கள், கைப்பிடிக் கம்பி போட்டார்கள், அலங்கார விளக்கு வைத்தார்கள்; வரத்துக்கால்வாயை மட்டும் தொடவே இல்லை. அது இரண்டு இடத்தில் வீட்டுமனைகளுக்கு நடுவே குறுகி, ஓரிடத்தில் சாலைக்கு அடியில் மண்மூடிக் கிடக்கிறது. மழைநீர் வர வழியில்லாத அந்தக் கால்வாயில் ஆண்டு முழுவதும் தவறாமல் வருவது வீட்டுச் சாக்கடைதான்.

அதன் விளைவு ஆகாயத்தாமரை. சாக்கடை நீரில் உள்ள சத்தைத் தின்று வளரும் செடி அது. இயந்திரத்தை விட்டு அள்ளினால் சில வாரங்களில் மீண்டும் மூடிவிடும். முதல் ஆண்டு அள்ளினார்கள், இரண்டாம் ஆண்டும் அள்ளினார்கள், இனி ஒவ்வோர் ஆண்டும் அள்ள வேண்டியிருக்கும். அள்ளும் கூலியைச் சாக்கடையைத் திருப்பிவிடுவதில் செலவிட்டிருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும் என்பது கரையில் நடக்கும் எல்லோருக்கும் தெரிகிறது. இந்தக் கண்மாயில் நீர்க்கட்டியாக வேலை பார்த்த குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் எங்களோடு நடக்க வருவார்; மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்பதும் அவருடைய அப்பாவின் பொறுப்பாக இருந்ததாம். திறப்பு விழா அன்று அவர் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: “கரையைத் தங்கத்துல கட்டட்டும் தம்பி, வரத்து எங்க இருக்கு?”

இன்னொரு குறையையும் பதிவு செய்கிறேன். கரையின் உட்சரிவில் பாதித் தொலைவுக்குக் கான்கிரீட் பூசியிருக்கிறார்கள். சம்பும் கோரையும் முளைக்கிற ஈரச் சரிவில்தான் நாமக்கோழியும் முக்குளிப்பானும் கூடு கட்டும், தவளை முட்டையிடும், மீன்குஞ்சு ஒதுங்கும். பூசிய பகுதியில் இவை எதுவும் இல்லை. பூசாமல் விட்ட பகுதியில் எல்லாம் இருக்கின்றன. ஒரே கரையில் நூறு அடி நடந்தாலே இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். பறவைத் திட்டை நோக்கித் திருப்பி வைத்த பெரிய விளக்குகளையும் இரவு எட்டு மணிக்காவது அணைத்துவிட வேண்டும்.

இதே மதுரையில் சரியாகச் செய்ததற்கும் சான்று இருக்கிறது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை நினைத்துப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளம் பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. பையன்கள் உள்ளே இறங்கிக் கிரிக்கெட் விளையாடுவார்கள். தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கு மோட்டார் வைத்து நீர் இறைத்த காலமும் உண்டு. அண்மை ஆண்டுகளில் வைகையிலிருந்து வரும் பனையூர் கால்வாயின் இணைப்பைச் சரிசெய்தபின், ஆற்று நீர் தானாகவே குளத்துக்குள் ஓடிவந்து நிறைந்தது. அந்த வழியைத் திறந்ததே போதுமானதாயிற்று. இன்று மாலையில் மைய மண்டபத்தின் நிழல் நீரில் அசைவதைப் பார்க்கக் கூடும் கூட்டம், அந்தக் கால்வாய் வேலைக்குக் கிடைத்த பரிசு என்றே நினைக்கிறேன்.

ஒன்றுமே கட்டாமல் காப்பாற்றுவதும் சீரமைப்புதான் என்பதற்கு அரிட்டாபட்டி இருக்கிறது. மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அந்த ஊரும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் பரப்பு, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஏழு குன்றுகள், அவற்றின் இடுக்குகளில் சுனைகள், கீழே ஆனைகொண்டான் ஏரி உள்ளிட்ட நீர்நிலைகள், பாறையைக் குடைந்த சிவன் கோயில், சமணப் படுக்கைகள், தமிழ்ப் பிராமி எழுத்து என்று எல்லாம் ஒரே நடையில் பார்க்கக் கிடைக்கும். ஏறத்தாழ 250 வகைப் பறவைகள் பதிவாகியுள்ளன. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் பாறை விளிம்பில் கூடு கட்டும் ஊர் அது. தேவாங்கும், அழுங்கு என்னும் எறும்புத்தின்னியும் அங்கே உண்டு. இந்த இடம் தானாகப் பிழைத்துவிடவில்லை. 2024 நவம்பரில், அரிட்டாபட்டிப் பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தின் முடிவு வெளியானபோது, சுற்றியுள்ள ஊர்மக்கள் வாரக்கணக்கில் போராடி, 2025 ஜனவரி 7 அன்று மதுரை நகரத்துக்குள் பேரணியாக நடந்து வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அங்கே போகிறவர்கள் விடியற்காலையில் போங்கள், குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள், பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், ஊர்ப் பெரியவர் யாரையாவது கேட்டுக்கொண்டு மலை ஏறுங்கள். கடையோ இருக்கையோ எதிர்பார்க்க வேண்டாம். அவை இல்லாததுதான் அந்த இடத்தின் பெருமை.

எங்கள் பகுதிக்குத் திரும்புகிறேன். பூங்காவை மட்டும் எடுத்துக்கொண்டால், முதியவர்களுக்கும் காலை நடைக்கும் நம்பிப் போகலாம் என்று பரிந்துரைப்பேன். சிறு குழந்தைகளைக் கோடையில் மாலை ஐந்தரைக்குப் பிறகு மட்டும் அழைத்துச் செல்லுங்கள். கண்மாய்க்கரைக்குக் கார்த்திகை, மார்கழியில் போங்கள். வைகாசியில் போனால் நாற்றம் தாங்காது. உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வரப்போகிறது என்றால், வேலை தொடங்குவதற்கு முன்பே ஒப்பந்ததாரரிடம் வரைபடத்தைக் கேட்டு, வரத்துக்கால்வாய் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் ஊரில் அதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மனு கொடுத்து மூன்று மாதம் கழித்து, சென்ற ஆடியில், இரண்டு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். மிஞ்சிய மூன்று வேம்பின் தூரைச் சுற்றியும் நான்கு அடி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து, செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து நிரப்பிவிட்டுப் போனார்கள். தோட்டக்காரர் வாய்க்கால் மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இழுத்து, நடைபாதையில் விழும் மழைநீர் அந்த மண்ணுக்கு வரும்படி செய்திருக்கிறார். காய்ந்த நான்காவது மரத்தின் இடத்தில் ஒரு கடம்பங்கன்று நட்டிருக்கிறோம். இன்று காலை அளந்தேன், என் இடுப்புயரம் வந்திருக்கிறது.